மஞ்சள் நரம்பு

எனக்கு விவாகரத்து ஆனது. என் அப்பாவுக்கு ஆகவில்லை.

தீர்ப்பு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவர் என் முன்னாள் கணவனோடு படகில் ஏறி நீர்த்தேக்கத்துக்கு மீன் பிடிக்கப் போய்விட்டார். போவதற்கு முன் எனக்கு ஃபோன் செய்தார். ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். மழைக்கோட்டை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டார். "மாப்பிள்ளை வந்துட்டாரு, வெச்சுடறேன்" என்று வைத்தும் விட்டார். மாப்பிள்ளையாம். கோர்ட்டே இல்லை என்று சொன்ன பிறகும் மாப்பிள்ளை.

அந்த மாப்பிள்ளை ஒரு லிஃப்ட் மெக்கானிக். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் என் வக்கீலே நம்ப மாட்டார். பேச மாட்டான், அதுதான் அவன் வியாதி. எது கேட்டாலும் கிணற்றில் போட்ட கல். நானோ ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள். தையல் விட்ட இடம், காஜா பிசகிய இடம், காலர் கோணிய இடம் என்று நாள் முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவது என் பிழைப்பு. குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவளும் வாயைத் திறக்காதவனும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. கல்யாணம் ஆனதும் என் வாயில் "நீங்க" ஆனவன், பிரிந்ததும் மறுபடி "நீ" ஆனான். எனக்கு அதில் ஒரு சின்ன நிம்மதிகூட இருந்தது.

சண்டைகளில் பாதி ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியது. மற்ற நாளெல்லாம் யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டு இவனைக் கூப்பிடுவார்கள். கிடைக்கிற ஒரே நாளில் இவன் என் அப்பாவோடு ஏரிக்குப் போய்விடுவான். அப்பாவோடு மீன் பிடிக்கப் போகிற புருஷனைப் பற்றி யாரிடம் போய்ப் புகார் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தார்கள்.

எனவே, பல் டாக்டர் ஃபோன் செய்தபோது என் உச்சி குளிர்ந்துவிட்டது. பல் டாக்டர் எங்கள் ஊர்த் தூண்டில் சங்கத்தின் செயலாளர். சங்கம் வருஷத்துக்கு ஒருமுறை குடும்பப் போட்டி ஒன்று வைக்கும். ஒரு படகுக்கு இரண்டு பேர். இரண்டு பேரும் சொந்தக்காரர்களாக இருக்க வேண்டும். அப்பா பிள்ளை, அண்ணன் தம்பி, புருஷன் பெண்டாட்டி, மாமனார் மருமகன், எதுவாக இருந்தாலும் சரி.

"தப்பா நினைக்காதம்மா," என்றார் பல் டாக்டர், பல்லைப் பிடுங்கப் போகிறவர் பேசுகிற அதே குரலில். "ரூல்படி இப்ப அவங்க ரெண்டு பேரும் சொந்தம் இல்ல. போன தடவை ரெண்டாவது வந்தவங்க கேள்வி கேக்கறாங்க. உங்கப்பா பேரை எடுத்துடட்டுமா, இல்ல நீ கூட வர்றியா?"

"நான் வர்றேன்," என்றேன்.

எனக்கு என்ன வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. கோப்பை வேண்டாம். அந்தப் படகின் பின் இருக்கை வேண்டும். கல்யாணத்துக்கு முன்பு அது என்னுடையதாக இருந்தது. அம்மா போன பிறகு இந்த உலகத்தில் எனக்கென்று இருப்பது ஒரே ஒரு அப்பா. அவரையும் ஒருவன் கூட்டிக்கொண்டு போனால் சும்மா இருக்க முடியுமா? ஒரு நல்ல நாள் என்னோடு ஏரியில் இருந்தால், நாலு நல்ல மீன் ஏறினால், அவருக்கு அந்த மனுஷன் தேவைப்பட மாட்டான் என்று கணக்குப் போட்டேன். அப்பாவைத் திரும்பக் கொண்டு வருவது, அவ்வளவுதான் திட்டம்.

சனிக்கிழமை மதியம் சாமான்களைத் தயார் செய்ய அப்பாவின் வீட்டுக்குப் போனேன். கார் ஷெட்டில் மெக்கானிக் ஏற்கெனவே இருந்தான். சுவரில் சாய்த்த தூண்டில் கோல்களுக்கு நடுவே முக்காலியில் உட்கார்ந்து கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். கோபம், வருத்தம் எதுவும் முகத்தில் இல்லை. இருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"மாமாவோட ரீல்ல மஞ்சள் நரம்பு சுத்தியிருக்கேன். அதை மட்டும் மாத்திடாதே," என்றான்.

"ஏன்?"

"அவருக்கு அதான் பழக்கம்."

என் அப்பாவுக்கு எது பழக்கம் என்று எனக்கு இவன் சொல்லித் தருகிறான். வாசல்வரை அவன் போகட்டும் என்று காத்திருந்தேன்.

அந்தத் தூண்டில் நரம்பைப் பார்த்தேன். கல்யாணப் பந்தலுக்குக் கட்டுகிற சரிகை மாதிரிப் பளீரென்ற மஞ்சள். பின்னிய நூல், இழுவிசை அதிகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாங்கள் பிடிக்கப் போவது பாஸ் என்கிற மீன். அகன்ற வாய்க்காரன், பச்சை முதுகு, புல்லுக்குள் ஒளிந்திருந்து வாய்க்கு முன்னால் எது போனாலும் ஒரு தடவை கடித்துப் பார்க்கிற முரடன். முரடன்தான், முட்டாள் இல்லை. கலங்கல் தண்ணீரில் கயிற்றைப் போட்டாலும் வருவான். தெளிந்த தண்ணீரில் நரம்பு தெரிந்தால் மூக்கைச் சுளித்துக்கொண்டு போய்விடுவான். மழை பெய்து நாளாகிவிட்டது, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். தூண்டில் தெரிந்த எவனும் அந்தத் தண்ணீரில் மஞ்சளைப் போட மாட்டான்.

மஞ்சளை முழுவதும் உருவிப் போட்டுவிட்டு, தண்ணீரில் விழுந்தால் கண்ணுக்கே தெரியாத கண்ணாடி நரம்பைச் சுற்றினேன். முடிச்சை எச்சில் தொட்டு இறுக்கினேன். காய்ந்த நரம்பில் முடிச்சுப் போட்டால் உரசல் சூட்டில் கருகி, பெரிய மீன் வரும்போது கைவிட்டுவிடும். எல்லாக் கோலிலும் மாற்றினேன். படகின் நீளப் பெட்டிக்குள் கிடந்த ஒரு பழைய கோலை மட்டும் சோம்பல்பட்டு விட்டுவிட்டேன்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் படகை இறக்கினோம். குளிர். அப்பா முன்னால் நின்றுகொண்டு, காலால் அழுத்தி ஓட்டுகிற மின்மோட்டாரில் படகைச் சத்தமில்லாமல் நகர்த்தினார். வேலைக்காலம் முழுக்க அவர் ஒரு வார்ப்படப் பட்டறையில் அதிர்கிற கிரைண்டிங் மிஷின் பிடித்தவர். குளிர்காலத்தில் விரல் நுனிகள் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிடும். பட்டறையில் வேலை பார்த்த எல்லாருக்கும் அப்படித்தான் என்பார். நாங்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

கோலைக் கையில் எடுத்ததும் ரீலைத் திருப்பிப் பார்த்தார்.

"நரம்பை மாத்திட்டியா?"

"தண்ணி எப்படி இருக்குன்னு பாருங்க. மஞ்சளைப் போட்டா மீனெல்லாம் கூடி நின்னு சிரிக்கும்."

ரீலை இன்னொரு தரம் திருப்பிப் பார்த்தார்.

"சரி," என்றார்.

அப்பாவின் ஆயுதம் ரப்பர் புழு. பளபளக்கிற உலோகத் தகடு, ஓடுகிற மரமீன், தத்துகிற தவளை எதுவும் அவருக்கு வேண்டாம். ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு ரப்பர் புழு. அதற்கு முன்னால் நரம்பில் வழுக்கி ஓடுகிற ஒரு ஈயக்குண்டு. முள்ளின் நுனியைப் புழுவின் உடம்புக்குள்ளேயே மறைத்துவிட வேண்டும், அப்போதுதான் புல்லிலும் மூழ்கின மரத்திலும் சிக்காது. எறிந்து, அடியில் போய் உட்காரும்வரை பொறுத்து, கோலின் நுனியை மெல்லத் தூக்கித் தூக்கித் தரையோடு இழுத்து வர வேண்டும். மீன் அதை வாயில் போட்டுக்கொள்வது ஒன்றும் பெரிய சம்பவமாக இருக்காது. பக்கத்து அறையில் யாரோ ஸ்விட்ச் போட்ட மாதிரி, விரலில் ஒரு சின்ன 'டக்'. ரப்பர் என்று தெரிந்ததும் மீன் துப்பிவிடும். துப்புவதற்குள் கோலைச் சுண்ட வேண்டும். சுண்டினால் முள் ரப்பரைக் கிழித்துக்கொண்டு மீனின் தாடையில் ஏறும். அந்த 'டக்'கைக் கேட்பதில் என் அப்பாவை மிஞ்ச ஆள் இல்லை என்று சங்கமே சொல்லும்.

சூரியன் மரங்களுக்கு மேலே வருவதற்குள் என் பக்கம் இரண்டு மீன்கள் ஏறின. பெரிதில்லை, ஆனால் போட்டிக்குச் சொன்ன அளவுக்கு மேல். படகுத் தொட்டியில் உயிரோடு விட்டேன். செத்த மீனுக்கு எடையில் பிடித்துக்கொள்வார்கள். அப்பாவின் பக்கம் ஒன்றும் இல்லை.

"எனக்கு இன்னைக்கு ஒண்ணும் தொடலை," என்றார்.

சொல்லி முடித்தபோது அவருடைய புழு வெளியே வந்தது. வால் இல்லை. பல் பட்டு நறுக்கின மாதிரிப் போயிருந்தது.

"தொடலையா? வாலைக் காணோமே!"

"புல்லு பிச்சிருக்கும்."

புல் பிய்த்தால் எப்படி இருக்கும், மீன் கடித்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? குறை பார்ப்பது என் தொழில். வாயை மூடிக்கொண்டு அடுத்த புழுவை எடுத்துக் கொடுத்தேன். அதுவும் மேல்தோல் வழிக்கப்பட்டு வந்தது. மூன்றாவது தடவை அவருடைய கோலின் நுனி ஒரு தரம் தலையாட்டியதை நானே கண்ணால் பார்த்தேன். அப்பா கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோலைச் சுண்டவில்லை. நிதானமாகச் சுற்றினார். வால் மறுபடி இல்லை.

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். இது அடம். மாப்பிள்ளையை இறக்கிவிட்டதற்குப் பதில். வாயால் சொல்ல மாட்டார். வருகிற மீனையெல்லாம் விட்டுக்கொடுத்து, தோற்றுக் கரைக்குப் போய், 'பாரு, நீ வந்து என்ன ஆச்சு' என்று ஒரு வார்த்தை பேசாமல் எனக்குக் காட்டப் போகிறார். இத்தனை வயதில் ஒரு மனுஷருக்கு இப்படியும் ஒரு வீம்பா?

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டேன். "அவன்கூட வந்தா மட்டும்தான் மீன் பிடிப்பீங்களா? நான் வந்தா பிடிக்க மாட்டீங்களா? வேணும்னே விடுறீங்களே அப்பா, எனக்குத் தெரியாதா? பெத்த பொண்ணைவிட அவன் என்ன பெருசா செஞ்சுட்டான் உங்களுக்கு?"

அவர் இருக்கையில் உட்கார்ந்து புதுப் புழு ஒன்றை எடுத்து முள்ளில் கோக்க ஆரம்பித்தார். கண் எங்கோ தண்ணீர்மேல் இருந்தது. அவர் அதைக் கண்ணை மூடிக்கொண்டே செய்வார், எனவே நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு படகின் சாம்பல் நிறக் கம்பளத்தில் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு விழுவதைப் பார்த்தேன்.

முள் புழுவுக்குள் இல்லை. அவருடைய கட்டைவிரலுக்குள் இருந்தது. உள்ளே போய், வளைவு மட்டும் வெளியே தெரிய, நுனியும் அதன் எதிர்முள்ளும் முழுக்கப் புதைந்திருந்தன. அவர் இன்னும் புழுவை இழுத்து நேராக்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா, கை."

"என்ன கை?"

"கையைப் பாருங்க."

பார்த்தார். வலியில் முகம் சுளித்திருந்தால் பரவாயில்லை. என் அப்பாவின் முகத்தில் வந்தது வெட்கம். ஜேப்படி அடிக்கும்போது பிடிபட்டவன் முகம்.

மீன் பிடிக்கிறவர்கள் எல்லாரும் தெரிந்து வைத்திருக்கிற ஒரு வைத்தியம் இருக்கிறது. தடித்த நரம்பில் ஒரு முழம் வெட்டி, முள்ளின் வளைவில் வளையமாகப் போட்டு, மறுகையால் முள்ளின் தலைப்பக்கத்தைத் தோலோடு சேர்த்துக் கீழே அழுத்தி, வெடுக்கென்று இழுக்க வேண்டும். உள்ளே போன வழியிலேயே முள் திரும்பி வரும். வலி உயிர் போகும். நான் பதினாறு வயதில் ஒருமுறை அதற்கு ஊரையே கூட்டியிருக்கிறேன்.

"பல்லைக் கடிச்சுக்கோங்க," என்றேன்.

"வேண்டாம், இழு."

இழுத்தேன். முள் தெறித்து எங்கோ விழுந்தது. அவர் இமைகூட ஆடவில்லை. தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டேன்.

"ரொம்ப நாளாவே கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு. இப்ப நுனி பூரா ஒண்ணும் தெரியல. சட்டைப் பொத்தான் போடறதுக்குக்கூட கண்ணாடியில பாத்துதான் போடறேன்."

"மீன் கடிக்கிறது?"

"அதான் சொல்றேனே. தெரியலம்மா."

"அப்புறம் எப்படி இத்தனை நாள் பிடிச்சீங்க?"

"மாப்பிள்ளை பாத்துச் சொல்வாரு, நான் சுண்டுவேன். அதுக்குத்தான் மஞ்சள் நரம்பு. தண்ணிக்குள்ள போற இடத்துல துள்ளினா அவருக்கு அங்கேருந்தே தெரியும். கொஞ்சம் வெயில் வந்துட்டா எனக்கே தெரியும்."

நான் சுற்றியிருந்த கண்ணாடி நரம்பு அவர் கோலிலிருந்து தண்ணீருக்குப் போயிற்று. எங்கே போயிற்று என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு நல்ல நரம்பு.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என்ன செய்வே? டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவே. கத்தி, முள்ளு, மோட்டார் எதையும் தொடாதீங்கன்னு அவர் சொல்வாரு. நீ அன்னைக்கே படகை வித்துடுவே."

விற்றிருப்பேன். அதுதான் உண்மை. அழுகை வந்தது. முதலுதவிப் பெட்டியில் தலையை விட்டுக்கொண்டு துணியைத் தேடுகிற மாதிரித் தேடினேன்.

கட்டுப் போட்டு முடித்ததும் நீளப் பெட்டியைத் திறந்து அந்தப் பழைய கோலை எடுத்தேன். மஞ்சள் அப்படியே இருந்தது. புழுவை நான் கோத்துக் கொடுத்தேன். அவர் எறிந்தார். எறிவதற்கு விரல் நுனி தேவையில்லை, தோளும் மணிக்கட்டும் போதும். புழு நினைத்த இடத்தில் இலை விழுகிற மாதிரி விழுந்தது. நான் மஞ்சள் கோடு தண்ணீரைத் தொடுகிற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கோடு பக்கவாட்டில் ஒரு விரற்கடை துள்ளியது.

"அப்பா, கடிக்குது, சுண்டுங்க!"

சுண்டினார். ஒன்றும் இல்லை. அடுத்த தடவையும் அதே கதை. அதற்கடுத்த தடவை நரம்பு தளர்ந்து படகை நோக்கி வந்தது. மீன் வாயில் கவ்விக்கொண்டு எங்கள் பக்கமே நீந்தி வருகிறது என்று அர்த்தம். "வருது வருது, நம்ம பக்கம் வருது, வேகமாச் சுத்திச் சுண்டுங்க!" என்று கத்தினேன். சுற்றி முடிப்பதற்குள் போய்விட்டது.

"நீ முழு வாக்கியமாப் பேசற," என்றார் அப்பா. "இலக்கணம் முடியறதுக்குள்ள அது துப்பிடுது."

"அவன் எப்படிச் சொல்வான்?"

"'ம்'னுவாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். 'ம்'."

எனக்கு அந்த 'ம்' நன்றாகத் தெரியும். அம்மாவின் சாவுக்குப் பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை என்று சொன்னபோது கிடைத்த 'ம்'. வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்டபோது கிடைத்த 'ம்'. நான் பிரிந்துவிடலாம் என்று சொன்னபோதும் அதுவேதான். அந்த ஒரு எழுத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் கோர்ட்டுக்குப் போனேன். இந்தப் படகில் அது எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது!

மூழ்கின மரம் ஒன்றின் கிளைகளுக்குப் பக்கத்தில் எறிந்தார். புழு இறங்கியது. தூக்கினார், விட்டார், தூக்கினார். மஞ்சள் கோடு சிலிர்த்தது.

"ம்," என்றேன்.

கோல் வளைந்தது. அப்பாவின் கையில் அது எனக்குச் சிறுவயதில் தெரிந்த மாதிரியே வளைந்தது. மீன் மரத்துக்குள் புகப் பார்த்தது. அவர் விடவில்லை, கோலைப் பக்கவாட்டில் சாய்த்து அதன் தலையைத் திருப்பினார். ஒருமுறை தண்ணீருக்கு மேலே வந்து வாயைத் திறந்து தலையை உதறியது. கோலைத் தண்ணீருக்குள் தாழ்த்தி அடக்கினார். கைவலையை முன்கூட்டியே தண்ணீருக்குள் வைத்துக் காத்திருந்து, தலை உள்ளே வந்த பிறகு தூக்கினேன். நல்ல மீன். என் இரண்டு மீன்களையும் சேர்த்துக் கட்டினாலும் அதன் எடை வராது.

"பாத்தியா!" என்றார் அப்பா. அவ்வளவு சந்தோஷமாக அவர் என்னைப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

ஐந்து மீன்வரை கொண்டுபோகலாம். நாங்கள் மூன்றோடு கரைக்குப் போனோம். பரிசுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை, ஆனால் பெரிய மீன்களில் எங்களுடையதும் ஒன்று என்பதால் அதைச் சுற்றிக் கூட்டம் நின்றது. பல் டாக்டர் அதன் வாயைத் திறந்து பார்த்தார், பழக்க தோஷம். அப்பா கட்டுப்போட்ட விரலைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கடித்தது எப்படி, சுண்டியது எப்படி என்று விவரித்தார். "விரல்ல ஒரு சின்ன 'டக்' வந்துது பாருங்க..." என்று ஆரம்பித்ததும் நான் அங்கிருந்து நகர்ந்துவிட்டேன்.

மெக்கானிக் படகுத் துறையில் நின்றுகொண்டு, எடை பார்த்து முடித்த மீன்களைத் தண்ணீர்ப் பையில் கொண்டுபோய் ஏரியில் விட்டுக்கொண்டிருந்தான். போட்டியில் இல்லாதவர்களுக்கு அந்த வேலை. ஒரு மீனை வாலருகே பிடித்துக்கொண்டு, அது தானாக உதறிக்கொண்டு போகும்வரை குனிந்திருந்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

எதைப் பற்றி என்று அவன் கேட்கவில்லை. "ஒரு நாள் டீ குடிச்சிட்டு இருந்தோம். நான் டம்ளரைத் தொட முடியாமக் கீழ வெச்சுட்டேன். அவர் கையிலயே வெச்சுட்டுப் பேசிட்டிருந்தார். தோல் சிவந்து போச்சு."

"அப்ப நாம ஒரே வீட்டுலதான் இருந்தோம்."

"ம்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்னையும் படகுல ஏத்த மாட்டேன், தனியாப் போவேன்னார். போயிருப்பார். மோட்டார் வேற."

இவ்வளவு நீளமாக அவன் பேசி நான் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைக்காக நான் போட்ட சண்டைகளையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு சண்டையிலும் அவன் ஷூவைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றதை நினைத்தேன்.

"அதுனாலதான் நாம பிரிஞ்சோம்னு நினைச்சுக்காதே," என்றேன்.

"இல்ல. ஆனா ஒரு பத்து சண்டை குறைஞ்சிருக்கும்."

"பதினஞ்சு."

அவன் அடுத்த மீனை எடுத்தான். எங்கள் வழக்கு சீக்கிரம் முடிந்ததற்குக் காரணம், குழந்தை இல்லாததால் பங்கு போட எதுவும் இல்லை என்பதுதான் என்று வக்கீல் அப்போது சொன்னார். வக்கீலுக்கு என் அப்பாவைத் தெரியாது. அந்தப் பங்கீட்டை நாங்கள் துறையில் நின்றபடியே, காகிதம் பேனா இல்லாமல் முடித்தோம்.

"நாளைக்கு நான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்," என்றேன்.

"வர மாட்டார்."

"வருவார். படகை விக்க மாட்டேன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போவேன். ஞாயித்துக்கிழமை உனக்கு. மத்த நாள் எனக்கு. முள்ளுல அவர் கை வைக்கக் கூடாது, நீதான் கோத்துத் தரணும்."

"மஞ்சள்?"

"மஞ்சளே இருக்கட்டும்."

அந்த இருக்கையை நான் விட்டுக்கொடுக்க விரும்பியதாக யாரும் நினைக்க வேண்டாம். கொடுக்கும்போது எரிந்தது, இப்போதும் எரிகிறது. ஆனால் காலை முழுக்க நான் கத்தி ஒரே ஒரு மீன்தான் வந்தது. அவனானால் ஐந்து வந்திருக்கும். எதற்கு வெட்டி கௌரவம்?

அப்பா எங்களை நோக்கி வந்தார். "என்ன, ரெண்டு பேரும் என்னைப் பத்தித்தானே பேசறீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?"

"மாட்டோம்," என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில். நாங்கள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை அவர் அன்றுதான் பார்த்தார். டாக்டர் விஷயத்தைச் சொன்னதும் முகம் சுண்டிவிட்டது. எனக்கு முன்னால் விறுவிறுவென்று போய்க் காரில் ஏறிக்கொண்டார்.

ஊருக்குள் நுழைந்ததும் கோபம் ஆறிவிட்டது. மீனைப் பற்றி மறுபடி ஆரம்பித்தார். அது மரத்துக்குள் புகப் பார்த்ததையும், தான் அதன் தலையைத் திருப்பியதையும் ஜன்னலுக்கு வெளியே கடைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சிக்னலில் வண்டியை நிறுத்தினேன். அவருடைய கை எங்கள் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் மல்லாந்து கிடந்தது. நான் என் விரல்களை அவருடைய விரல் நுனிகள்மேல் வைத்தேன். பிறகு கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"...வலைக்குள்ள வந்தும் துள்ளுது பாரு, அந்தத் திமிர் இருக்கே," என்று அவர் ஜன்னலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

விளக்கு பச்சையானது. பின்னால் இருந்தவன் ஹார்ன் அடித்தான். நான் கையை எடுத்தேன். எடுத்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.